விபுலாநந்த அடிகளாரும் மிஷன் என்னும் சொல்லும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, ஒருபால் கடலும் ஒருபால் வாவியும் காவல் செய்ய அமைந்தது எமது தேற்றாத்தீவு. தேற்றா மரங்கள் மல்கியிருந்தமையால் இப்பெயர் எய்திற்றென்பர். தேற்றாங்கொட்டையின் குணத்தை எமது பாட்டிமார் நன்கறிவர். கலங்கிய நீரை வார்க்குமுன் குடத்தின் உட்புறத்தில் அக்கொட்டையைத் தேய்த்துவிடுவர். சிறிது பொழுதில் சேறு அடியிற் படியும், நீர் தெளியும். நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்ட பெரியாரை நினைக்குந்தோறும் இக்கொட்டையும் உடன் நினைவுக்கு வருகின்றது.

சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு எமது ஊருக்குத் தெற்கே உள்ளது. அவர் திருமேனி அடங்கிய கல்லடி உப்போடை எமது ஊருக்கு வடக்கே உள்ளது. அவர் தொட்டிலுக்கும் சமாதிக்கும் இடையே வாழ்பவர் நாம். ஆகையால் இப்பகுதியில் வெளிவரும் மலர்கள் பலவற்றில் அடிகளாரைப் பற்றி ஒரு கட்டுரை இடம்பெறுதல் வழக்கமாகிவிட்டது. யாழ்நூல் கண்ட ஆராய்ச்சியாளர், முதல் தமிழ்ப் பேராசிரியர், முத்தமிழ் முனிவர் என்றெல்லாம் அவை அவரைப் போற்றும். அவை அனைத்தும் உண்மையே. எனினும் இம்முறை நாம் வேறொரு பக்கத்தைப் பார்க்க விரும்பினோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

எமது சங்கத்து இளைஞர் சிலர் மாலை நேர இலவச வகுப்புக்குப் பொருள் சேர்க்க வீடு வீடாகச் சென்றபோது, மாமா முறையான பெரியவர் ஒருவர் வாசலிலேயே எம்மை நிறுத்திவிட்டார். இது எந்த மிஷனுடைய வேலை, பணம் யாருடைய பைக்குள் போகிறது, நீங்கள் பாதிரிமாரிடம் படித்த பிள்ளைகள்தானே, உங்களுக்கு ஏன் இந்து சங்கம் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். எமக்கு முகம் சிவந்தது. நாம் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர் என்பது மெய்தான். மறுமொழி கூறத் தெரியாது திரும்பி வந்தோம். அன்றிரவே அடிகளாரின் வரலாற்றை மறுபடி எடுத்துப் படித்தோம். மாமா கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடப் புதியதன்று என்பதை அப்போதுதான் கண்டோம்.

1892 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, காரைதீவில், சாமித்தம்பி என்பாருக்கும் கண்ணம்மை என்பாருக்கும் பிறந்த மைந்தனுக்கு மயில்வாகனன் என்று பெயர் வழங்கிற்று. கண்ணகியம்மன் கோயில் கொண்ட ஊர் அது. வைகாசிச் சடங்கின் உடுக்கொலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சிலப்பதிகாரத்தில் மனம் சென்றது வியப்பன்று. ஆனால் அவருக்கு ஆங்கிலக் கல்வி தந்தவர் யார்? கல்முனையில் மெதடிஸ்த மிஷனார், மட்டக்களப்பில் அர்ச். மிக்கேல் கல்லூரியின் யேசுசபைக் குருமார். 1814 ஆம் ஆண்டு மெதடிஸ்த மிஷனார் மட்டக்களப்பில் கால்வைத்த நாள்முதல் ஆங்கிலக் கல்வியின் வாயில் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தது. மயில்வாகனனார் அவ்வாயிலாற் புகுந்து, 1908 ஆம் ஆண்டு, பதினாறு வயதிலே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். படித்த கல்லூரியிலேயே ஆசிரியரும் ஆனார்.

அதன்பின் அவர் ஏறிய படிகளை விரைந்து சொல்லிவிடலாம். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி. பின்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம். 1916 ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டம். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர் பதவி. இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவி. ஒரு கையில் தொல்காப்பியமும் மறு கையில் பௌதிக நூலுமாக நின்ற இவ்விளைஞர் உத்தியோகப் பாதையிலேயே சென்றிருந்தால் பெருஞ்செல்வராய் வாழ்ந்திருப்பார். பெற்றோரும் உற்றாரும் அவ்வாறே எதிர்பார்த்திருப்பர். அவரோ 1922 ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூர் ஸ்ரீ ராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்துவிட்டார். 1917 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த சர்வானந்த சுவாமிகளின் தொடர்பே அவரை அங்கு ஈர்த்தது. பிரபோத சைதன்னியர் என்னும் பிரமசாரிப் பெயருடன் மடத்துப் பத்திரிகைகளை நடத்தினார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று சிவானந்த சுவாமிகள் அவருக்குச் சந்நியாசம் அளித்து விபுலாநந்தர் என்னும் பெயரைச் சூட்டினார்.

அவர் சேர்ந்த அந்த மிஷன் அக்காலத்தில் எல்லோராலும் நன்கு மதிக்கப்பட்ட தாபனம் என்று நாம் எண்ணிவிடலாகாது. இவ்விடத்தில் சற்றே நின்று வடநாட்டுக்குச் செல்லவேண்டும்.

1897 ஆம் ஆண்டு விவேகானந்த சுவாமிகள் இம்மிஷனைத் தொடங்கியபோது, துறவிகள் மருந்துப் புட்டியும் கட்டுத்துணியும் கொண்டு நோயாளரிடம் செல்வதைப் பழைய மடத்தார் பலர் ஒப்பவில்லை. துறவிக்கு வேலை தியானமும் யாத்திரையுமே என்பது அவர்கள் கொள்கை. 1901 ஆம் ஆண்டு ஹரித்துவாரத்தின் அருகே கன்கல் என்னுமிடத்தில் கல்யாணானந்த சுவாமிகள் நோயாளர்க்கு ஒரு சேவாசிரமம் அமைத்தார். நிச்சயானந்த சுவாமிகள் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் மலசலத்தையும் தம் கையால் அகற்றிய இவ்விருவரையும் ஏனைய சாதுக்கள் தோட்டிச் சாமிகள் என்று இகழ்ந்தனர். தம் பந்தியில் அமர்த்தவும் மறுத்தனர். ஆண்டுகள் பல சென்றன. அவர்கள் யாருடனும் வாதிடவில்லை. நோயுற்ற சாதுக்களும் அவர்களிடமே வந்து கிடந்து நலம் பெற்றுச் சென்றனர். இறுதியில் கைலாச மடத்துத் தலைவர் தன்ராஜ் கிரி அவர்கள் சாதுக்களின் விருந்தொன்றிலே இவ்விருவரையும் அழைப்பித்துத் தம் அருகில் அமர்த்தி உணவருந்தச் செய்தார். இகழ்ச்சி அன்றோடு ஒழிந்தது.

மற்றைய ஐயம் அரசாங்கத்தினுடையது. 1916 ஆம் ஆண்டு டிசம்பரில் வங்காளக் கவர்னர் கார்மைக்கேல் பிரபு, புரட்சிக்காரர் சேவையென்னும் போர்வையில் இளைஞரைச் சேர்க்கின்றனர் என்று கூறி ராமகிருஷ்ண மிஷனின் பெயரையும் எடுத்துவிட்டார். ஆட்சியாளர் வாயினின்று வந்த சொல்லன்றோ! அன்பர்கள் அஞ்சினர், பொருளுதவியும் குன்றியது. மிஷனின் செயலாளராயிருந்த சாரதானந்த சுவாமிகள் கூச்சலிடவில்லை. உண்மை நிலையை விளக்கி விண்ணப்பம் அனுப்பினார். கவர்னரை நேரிலும் கண்டார். 1917 ஆம் ஆண்டு மார்ச்சில் கவர்னர் தாம் மிஷனைக் குற்றஞ்சாட்டக் கருதவில்லையென்று எழுத்திலேயே தெரிவித்தார். அம்மிஷன் 1909 ஆம் ஆண்டே சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருந்தது. தன் பணிகளையும் வரவு செலவையும் அறிக்கையாக அச்சிட்டு யாவரும் பார்க்க வெளியிட்டும் வந்தது. மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு நிமிர்ந்து நின்று பேச முடிகிறது. இத்தாபனத்தில்தான் எமது மயில்வாகனனார் ஐந்தாண்டுகளுக்குப் பின் போய்ச் சேர்ந்தார்.

1925 ஆம் ஆண்டு அடிகளார் ஈழத்துக்கு மீண்டார். காவியுடுத்தவர் ஆசிரமத்தில் அமர்ந்து உபதேசம் செய்வார் என்று பலர் எதிர்பார்த்தனர். அவரோ பள்ளிக்கூட முகாமையாளராயினார். கட்டடத்துக்கு ஓடு, ஆசிரியருக்குச் சம்பளம், கல்வித் திணைக்களத்துக்குக் கடிதம், வருகைப் பதிவு என்று அலைந்தார். யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி, காரைதீவிலும் ஆனைப்பந்தியிலும் அமைந்த மிஷன் பாடசாலைகள் ஆகியவை அவர் பராமரிப்பிற் செழித்தன. 1929 ஆம் ஆண்டு கல்லடி உப்போடையிலே தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அதனருகே ஏழைகளும் அநாதைகளுமான சிறுவருக்கு மாணவர் இல்லமும் உருவாயிற்று. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அம்மணற்றிடலில் ஆங்கிலமும் விஞ்ஞானமும் தேவாரமும் ஒரே கூரையின்கீழ்க் கேட்கலாயின.

இங்கே அவர் எதிர்கொண்ட தடை எத்தகையது? மட்டக்களப்பு நாட்டில் மிஷன் என்ற சொல்லுக்கு ஒரு நூற்றாண்டாக ஒரே பொருள் இருந்தது: ஞானஸ்நானம். எமது வீடுகளில் இன்றும் முதியவர்கள் மிஷன் பள்ளிக்கூடம் என்றால் பாதிரிமார் பள்ளிக்கூடம் என்றே கொள்வர். ராமகிருஷ்ண மிஷன் என்று கேட்ட கிராமத்தவர் திகைத்திருப்பதில் புதுமையென்ன? சைவ சித்தாந்தத்தில் ஊறியவர்களுக்கோ வேறோர் ஐயம். இது வங்காளத்திலிருந்து வந்த வேதாந்தமாயிற்றே, எங்கள் பதி பசு பாசம் என்னாவது என்று அவர்கள் எண்ணுதலும் இயல்பே. இவ்வையங்களைப் பேதைமை என்று நாம் தள்ளிவிடுவது நன்றன்று. தம் சமயத்தின்மேல் வைத்த அன்பிலிருந்தே அவை பிறந்தன.

அடிகளார் இவற்றுக்கெல்லாம் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு மறுப்பெழுதிக் கொண்டிருக்கவில்லை என்பதே எமக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் பாடசாலையிற் சேர்ந்த பிள்ளை மாலையில் வீடு திரும்பித் திருமுறை பாடிற்று, தாய் கேட்டாள். அதற்குமேல் விளக்கம் எதற்கு? தமக்குக் கல்வியளித்த பாதிரிமாரை அவர் இழித்துரைக்கவுமில்லை. அவர்களிடம் கற்ற ஒழுங்கையும் விஞ்ஞானத்தையும் தம் பாடசாலைக்குள் கொணர்ந்தார். மிஷன் பள்ளியிற் படித்தவர் இந்து சமயத்துக்கு ஆகார் என்ற எண்ணத்துக்கு அவர் வாழ்க்கையே மறுமொழி. அன்று மாமாவின் வாசலிலே இதைச் சொல்ல எமக்குத் தோன்றாமற் போயிற்றே என்று பின்பு வருந்தினோம்.

சாதியைப் பற்றிய தடை இவையெல்லாவற்றினும் கடினமானது. இதைக் குறித்து மலர்களில் மெல்லப் பேசிச் செல்வது வழக்கம். நாம் அப்படிச் செய்ய விரும்பவில்லை. 1931 ஆம் ஆண்டு சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அடிகளார் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். பகலில் வகுப்பிலே சங்க இலக்கியம் உரைத்தவர், மாலையிலே அயலிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் ஒருவர் சேரிக்குள் நுழைவதை அக்காலம் எங்ஙனம் நோக்கியிருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். கல்லடி இல்லத்திலும் பல குலத்துச் சிறுவர் ஒரே வரிசையில் இருந்து உண்டனர். கன்கலில் இரு துறவிகளுக்கு மறுக்கப்பட்ட பந்தி கல்லடியிலே சிறுவர்க்குத் திறந்து கிடந்தது. எமது ஊர்ப் பந்திகள் எல்லாம் இன்று அவ்வாறு உள்ளனவா என்பதைப் பெரியோர்களே சொல்லவேண்டும்.

1939 ஆம் ஆண்டு முதல் சில காலம் இமயத்து மாயாவதி ஆசிரமத்தில் பிரபுத்த பாரத ஆசிரியராக இருந்து, 1943 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பேராசிரியர் ஊதியம் சிறிதன்று. அது மாணவரின் உணவுக்கும் உடைக்குமே சென்றதென்று அவரை அறிந்த பெரியோர் எழுதி வைத்துள்ளனர். பணம் யாருடைய பைக்குள் என்ற கேள்விக்கு, பையே இல்லாத ஒருவர் இருந்தார். பல்லாண்டு உழைப்பில் உருவான யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அப்போதே உடல் நலிந்திருந்த அடிகளார், ஜூலை 19 ஆம் நாள் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். திருமேனியைக் கல்லடிக்குக் கொணர்ந்து சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்தனர்.

அவருக்குப் பின் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லாது விடுதல் ஆகாது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அடிகளார் கல் சுமந்து கட்டியது போன்ற பாடசாலைகள் மிஷனின் கையை விட்டுச் சென்றன. பள்ளிக்கூடம் நடத்தி மதிப்பும் மானியமும் தேடிக்கொள்ளும் கூட்டம் என்று எவரேனும் எண்ணியிருந்தால், அத்தோடு மிஷன் மூட்டை கட்டியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஆசிரமமும் சிறுவர் இல்லமும் நிலைத்தன. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கல்லடிக் கரையைக் கடல் விழுங்கியபோது, வீடிழந்தோர்க்கு உணவும் உடையும் கொடுத்த இடங்களுள் இம்மிஷனும் ஒன்று. சோறு வாங்க வந்தவரிடம் எந்தச் சமயம் என்று கேட்க அன்று யாருக்கு நேரம் இருந்தது!

இத்தனையும் படித்த பின்பு எமது சங்கத்து இளைஞர் செய்த காரியம் சிறியது. மாலை வகுப்பின் வரவு செலவை ஒரு தாளில் எழுதினோம். சோக்கட்டி, மின்சாரக் கட்டணம், கொப்பிகள், பிள்ளைகளுக்குப் பிஸ்கட் என்று ஒன்றும் விடாது குறித்தோம். அத்தாளை எடுத்துக்கொண்டு அதே மாமாவின் வீட்டுக்கு மறுபடி போனோம். இம்முறை உள்ளே அழைத்துக் கதிரை தந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டி மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்தார். மூன்றாவது வரியில் கூட்டல் பிழை ஒன்றைக் கண்டுபிடித்தார். நூறு ரூபா அதிகம் செலவானதாக நாம் எழுதியிருந்தோம். எங்களுள் ஒருவர் பல்கலைக்கழகத்திற் கணிதம் பயில்பவர் என்று சொல்ல எமக்குத் துணிவு வரவில்லை. மாமா பேனையை எடுத்துத் தாமே திருத்தி, கீழே தம் பெயரை எழுதி, அதற்கு நேரே ஒரு தொகையையும் இட்டார். அடுத்த மாதக் கணக்கையும் தம்மிடம் முதலில் கொண்டுவந்து காட்டிவிட்டே கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலடியில் ஒட்டவேண்டும் என்று கட்டளையிட்டார். அவ்வாறே காட்டி வருகின்றோம்.