கீமோதெரபிக்குப் பெயர் வைத்தவர் மூளையில் பார்த்தது என்ன? பால் எர்லிக்கின் கதை

புற்றுநோய் என்றதும் நினைவுக்கு வருவது கீமோதெரபி. கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினால், மருந்து ரத்தத்தோடு கலந்து உடம்பு முழுக்கப் போய்விடும். ஆனால், மூளைக் கட்டி என்றால் கதையே வேறு. பெரும்பாலான கீமோ மருந்துகள் மூளையின் வாசலிலேயே நின்றுவிடும். இந்தத் தடையின் அடையாளத்தை முதலில் கண்டவராக அறியப்படுபவரும், கீமோதெரபி என்ற சொல்லை உருவாக்கியவரும் ஒருவரே. அவர் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக்.

சாயத்தைத் துரத்தியவர்

எர்லிக் 1854 மார்ச் 14ஆம் தேதி ஸ்ட்ரேலன் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று பிரஷ்யாவில் இருந்த அந்த ஊர், இன்று போலந்தில் இருக்கிறது. துணிக்குப் போடும் செயற்கைச் சாயங்கள் ஜெர்மனியில் குவிந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சாயங்களை உடல் திசுக்களில் ஏற்றிப் பார்க்கும் வித்தையை உறவினர் கார்ல் வைகெர்ட்டிடமிருந்து தெரிந்துகொண்டார். ஒரு சாயம் சில செல்களை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்வது ஏன்? இந்தக் கேள்வி கடைசி வரை அவரை விடவில்லை.

நிறம் மாறாத மூளை

1885 வாக்கில் பெர்லினில் விலங்குகளின் ரத்தத்தில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். சில சாயங்கள் எல்லா உறுப்புகளிலும் ஏறின. மூளை மட்டும் அப்படியே இருந்தது. மூளைத் திசுவுக்கு அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இல்லை என்று எர்லிக் முடிவுகட்டினார். அது சரியல்ல என்று காட்டியவர், அவரிடம் பயின்ற எட்வின் கோல்ட்மன். 1913இல் அவர் சாயத்தை மூளையைச் சூழ்ந்த திரவத்திலேயே செலுத்தினார். இப்போது மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் நிறம் மாறவில்லை. அதாவது, நடுவே ஏதோ ஒரு சுவர் இருக்கிறது!

மந்திரத் தோட்டா

இதற்கிடையே எர்லிக் உலகப் புகழ் பெற்றிருந்தார். நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908இல் மெச்னிகோஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடலைக் காயப்படுத்தாமல் கிருமியை மட்டும் தாக்கும் மருந்து வேண்டும் என்பதே அவர் கனவு. அதை ‘மந்திரத் தோட்டா’ என்றார். 606 என்ற எண் கொண்ட ஆர்செனிக் சேர்மம் சிபிலிஸ் நோய்க்கு எதிராக வேலை செய்வதை 1909இல் அவரது ஆய்வகத்தில் ஜப்பானியர் சஹாச்சிரோ ஹாட்டா கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அது ‘சால்வர்சான்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1915 ஆகஸ்ட் 20ஆம் தேதி எர்லிக் காலமானார்.

சுவரைத் தாண்டுவது எப்படி?

அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பது 1960களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது. மூளையின் நுண் ரத்தக்குழாய்ச் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கின்றன. கட்டியின் நடுவில் இந்தச் சுவர் ஓரளவு ஓட்டையாகிவிடும். ஆனால், ஓரத்தில் ஊடுருவி நிற்கும் புற்றுச் செல்களை அது பாதுகாக்கிறது. கட்டி திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் டாக்டர்கள் மாற்று வழிகளைப் பயன்படுத்துகிறார்கள்:

• மாத்திரை: டெமோசோலமைடு மிகச் சிறிய மூலக்கூறு, கொழுப்பிலும் கரையும். அதனால் ஓரளவு சுவரைத் தாண்டிவிடும்.

• வில்லை: கட்டியை அகற்றிய குழியிலேயே கார்முஸ்டின் மருந்து கொண்ட, மெல்லக் கரையும் வில்லைகளை வைத்துவிடுவார்கள். 1996இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது.

• நேரடி ஊசி: புற்றுநோய் மூளைத் திரவத்தில் பரவியிருந்தால், முதுகுத்தண்டு வழியாகவோ, தலைத்தோலுக்கு அடியில் பொருத்திய ‘ஒம்மாயா’ குமிழ் வழியாகவோ மருந்து செலுத்தப்படும். கோல்ட்மன் சாயத்தைச் செலுத்தியதும் இந்தத் திரவத்தில்தான்.

• அல்ட்ராசவுண்ட்: ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி, ஒலி அலையால் சுவரைச் சிறிது நேரம் திறக்கும் முறை. இது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

இவற்றில் எதுவும் முழுத் தீர்வு இல்லை. கிளியோபிளாஸ்டோமா போன்ற கொடிய கட்டிகளில், இந்தச் சிகிச்சைகள் பலருக்கு மாதக் கணக்கில்தான் கூடுதல் வாழ்நாளைத் தருகின்றன. எர்லிக் தேடிய மந்திரத் தோட்டா மூளைக்குள் போய்ச் சேரும் வழியைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.