எட்டு நாள் யாத்திரிகர்

வெள்ளை வேட்டிக்குச் சலவைத் தொழிலாளர் இடும் நீலத்துக்கும், பாரிஸ் நகரில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வீற்றிருக்கும் கூடத்துக்கும் உறவு உண்டென்றால் நம்புவது அரிது. லியோன் நகரத்து எமில் கிமேயின் (1836 - 1918) வாழ்வில் அவ்வுறவு அமைந்தது. அரிய கல்லை அரைத்தே பெறப்பட்டுவந்த நீலவண்ணத்தைச் செயற்கையாகச் செய்யும் வழியை 1820களில் கண்டவர் அவருடைய தந்தை. ஓவியர்க்கும் காகித ஆலையார்க்கும் சலவையாளர்க்கும் வேண்டப்பட்ட அந்நீலம் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. 1860இல் ஆலை மகன் பொறுப்பில் வந்தது. மகனோ இசையமைப்பதிலும் ஊர்கள் காண்பதிலும் வேட்கை மிக்கவர். 1865இல் எகிப்துக்குச் சென்று திரும்பியது முதல், மாந்தர் எவ்வெவ்வாறு கடவுளைத் தொழுகின்றனர் என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது.

1876இல் பிரெஞ்சு அரசின் கல்வியமைச்சு அளித்த ஆணையுடன், ஓவியர் ஃபெலிக்ஸ் ரெகாமேயைத் துணைக்கொண்டு கீழ்த்திசைச் சமயங்களை ஆராயப் புறப்பட்டார். ஜப்பானிலும் சீனத்திலும் திங்கள்கள் கழிந்தன. மதுரையும் திருச்சிராப்பள்ளியும் அடங்கிய தென்னாட்டுக் கோயிலூர்களுக்கு எஞ்சியவை எட்டு நாள்களே. பின்னர் எழுதிய பயண நூலுக்கு அந்த எட்டு நாள்களையே பெயராக்கினார். அந்த நேர்மை பாராட்டற்குரியது. ஆண்டுக்கணக்கில் இங்குத் தங்கியும் அவ்வளவு கூடக் காணாது போனவர் பலர். அவர் வந்ததும் நல்ல வேளையன்று. தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிய காலம் அது.

எட்டு நாளில் அறியத்தக்கதா தென்னாட்டு வழிபாடு? திருவரங்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்தாலே போதும். ஏழு திருச்சுற்றுகளுக்குள் ஓர் ஊரே குடியிருக்கிறது. மூலவர் பள்ளிகொண்டிருக்க, நம்பெருமாளோ புறப்பாடும் வாகனமும் மண்டகப்படியுமாக ஆண்டு முழுதும் வீதி காண்கிறார். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து. அரையர் தாளமிட்டு அபிநயிக்கும் பாசுரங்கள். இவற்றினின்று ஒரு திருமேனியைப் பிரித்துக் கண்ணாடிப் பேழையுள் வைத்தால் எஞ்சுவது உலோகமும் வேலைப்பாடுமே.

கிமே இதனை ஓரளவு உணர்ந்தே இருந்தார் என்று கொள்ள இடமுண்டு. 1879இல் லியோனில் திறந்த அருங்காட்சியகத்துக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. தொகுப்பு முழுவதையும் பாரிசுக்கு மாற்றி, 1889இல் புதிய மாளிகையில் திறந்தார். பேழைகளின் மௌனம் போதாதென்று வழிபடுவோரையே அழைத்தார். 1891இல் ஜப்பானியப் பௌத்தத் துறவிகள் அங்குச் சடங்கு நிகழ்த்தினர். 1898இல் புரியாத்து இனத்தவரான தோர்ஜியேவ் என்னும் லாமா வந்தார். பாரிசின் அரசியலாரும் எழுத்தாளரும் கூடி நின்று பார்த்தனர். வேற்றுச் சமயத்தாரின் வழிபாட்டை வேடிக்கைப் பொருளாக்கியதென்று இதனைக் குறை கூறலாம். எனினும் வந்து ஓதியவர் உண்மைத் துறவியரே.

1905 மார்ச் 13ஆம் நாள் நிகழ்ந்ததற்கு அந்த நியாயமும் இல்லை. அருங்காட்சியக நூலகம் இந்தியக் கோயில்போல் ஒப்பனை செய்யப்பட்டது. ஒல்லாந்துப் பெண்ணொருத்தி, இந்தியக் கோயிலில் ஆடற்கலை பயின்றவளெனத் தன்னை அறிவித்துக்கொண்டு, சிவனார் சிலைமுன் ஆடினாள். பின்னாளில் ஒற்றர் குற்றம் சாற்றப்பட்டு 1917இல் சுட்டுக்கொல்லப்பட்ட மாதா ஹரி அவளே. பாரிஸ் மெய்சிலிர்த்தது. எட்டு நாளே ஆயினும் மெய்யான கோயில்களைக் கண்டு திரும்பியவர் அந்தப் பொய்க்கோயிலுக்கு இடமளித்தது அவர் வாழ்வின் மன்னிக்க அரிய பிழை.

ஆயினும் அதே நிறுவனத்தின் வெளியீட்டு வரிசையில்தான், 1914இல், புதுச்சேரி ஆசிரியர் ழூவோ துப்ரேயின் தென்னிந்தியத் தொல்லியல் நூல் வந்தது. தமிழகக் கட்டடக் கலையைத் தூணும் போதிகையும் மாறிவந்த முறை கொண்டு காலவரிசைப்படுத்திய முன்னோடி நூல் அது.

கிமே 1918 அக்டோபரில் மறைந்தார். அவர் நிறுவிய அருங்காட்சியகத்தின் தலைமைக் காப்பாளர் ழானின் ஒபுவாயே, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், யுனெஸ்கோவின் சார்பில் திருவரங்கத்துக்கு வந்தார். எதையும் எடுத்துச் செல்ல அன்று. கோயிலை அது நிற்குமிடத்திலேயே எவ்வாறு காப்பது என்று ஆராய. அவர் எழுதிய திருவரங்க நூலை யுனெஸ்கோ 1969இல் வெளியிட்டது. 1987இல் 236 அடி உயர்ந்து நிறைவுற்ற தெற்கு இராயகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரமாகவே நின்றது.