இரு தோட்டங்களின் மனிதர்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், தென்னமரம் என்ற பெயரில் ஒரு தோட்டம் உண்டு. பெயரைக் கேட்டவுடன் தென்னந்தோப்பு என்றே எண்ணத் தோன்றும். ஆனால், அத்தோட்டம் புகழ் பெற்றது செம்பனையால்தான். 1917ஆம் ஆண்டில், மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்ட இடம் அதுவே. தமிழ்ப் பெயர் கொண்ட அத்தோட்டத்தின் வரலாற்றில் பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு முக்கிய இடம் உண்டு. அவர் பெயர் ஹென்றி ஃபோக்கோனியே.

ஹென்றி 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், பிரான்சின் தென்மேற்கே ஷராந்த் வட்டாரத்தில் உள்ள பார்பெசியே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடன் பிறந்தவர்கள் ஐவர். ஊருக்கு அருகே, முசே என்று பெயரிடப்பட்ட பெரிய நாட்டுப்புற வீட்டில் அவரது இளமைக்காலம் கழிந்தது.

அங்கு வாழ்க்கையை வகுத்துக் கொடுத்தவை நான்கு பருவங்களே. இளவேனிலில் மொட்டைக் கிளைகள் துளிர்க்கும், பழமரங்கள் பூக்கும். கோடையில் பொழுது சாய வெகுநேரம் ஆகிவிடும். இலையுதிர் காலம் வந்தால் சுற்றுவட்டாரமெங்கும் திராட்சை அறுவடை நடக்கும். குளிர்காலத்தில் கொடிகளைக் கவாத்து செய்வார்கள். வீட்டினுள் கணப்பு மூட்டிக் குளிர்காய்வார்கள். முசே வீட்டுப் பிள்ளைகள் உறவினர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து நாடகம் நடித்தனர், இசை பயின்றனர், தங்களுக்கென இதழ் ஒன்றையும் எழுதி நடத்தினர். அவ்வாறு வளர்ந்த ஹென்றிக்கு எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை எழுந்ததில் வியப்பில்லை.

ஆனால், 1901ஆம் ஆண்டில் தந்தை காலமானார். எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது என்பதை ஹென்றி உணர்ந்தார். இங்கிலாந்துக்குச் சென்று, ஒரு பள்ளியில் பிரெஞ்சு மொழியும் இசையும் கற்பித்தார். அக்காலத்தில்தான் போர்னியோவில் சவ்வரிசி மரம் பயிரிட்டுப் பொருள் ஈட்டலாம் என்ற செய்தி அவர் கண்ணில் பட்டது. முதலில் பொருள் தேடுவது, பிறகு கவலையின்றி எழுதுவது என்று திட்டமிட்டார். 1905ஆம் ஆண்டில் கப்பல் ஏறினார்.

வழியில் சிங்கப்பூரில் இறங்கியபோது, சவ்வரிசியைவிட ரப்பரே நல்ல வருவாய் தரும் என்று அறிந்தார். உடனே தமது திட்டத்தை மாற்றிக்கொண்டார். கிள்ளான் பகுதியில் தோட்டக்காரர் ஒருவரிடம் தொழில் பழகினார். தொழிலோடு மலாய் மொழியையும் தமிழையும் கற்றார். காடு அழித்து நாற்று நட்டு மரம் வளர்க்கப் போகிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்கள் பேச்சு புரியாமல் தோட்டம் நடத்த முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பின்னர், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் காட்டு நிலம் பெற்றார். அங்கு ரப்பர்த் தோட்டத்தை உருவாக்கினார். ரப்பர் மரம் பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவு மட்டுமே, வரவு இல்லை. மழையும் மலேரியாவும் அச்சுறுத்தின. பெல்ஜிய நாட்டு முதலீட்டாளர் அட்ரியன் ஹாலே கைகொடுத்தார். பார்பெசியே நண்பர்கள் சிலரும் மலாயாவுக்கு வந்து அவருடன் உழைத்தனர். மோட்டார் வண்டிகள் பெருகிய காலம் அது. 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. ஹென்றி எதிர்பார்த்த செல்வம் வந்து சேர்ந்தது.

தோட்டத்தில் அவர் கட்டிய வீட்டிற்குப் ‘பனைகளின் இல்லம்’ என்னும் பொருளில் பெயரிட்டார். முசேயில் பழகிய நான்கு பருவங்கள் இங்கில்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். எனினும், ரப்பர் மரத்திற்கும் ஓர் இலையுதிர் காலம் உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலைகள் நிறம் மாறி உதிரும், பால் குறையும், பிறகு புதுத் தளிர் விடும். அந்தச் சில வாரங்களில் ரப்பர்க் காடு ஐரோப்பியத் தோப்பு போலவே தோற்றமளிக்கும்.

1911, 1912ஆம் ஆண்டுகளில் சுமத்திராவிலிருந்து செம்பனை விதைகளைத் தருவித்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். அவை முதலில் அழகுக்காக வளர்க்கப்பட்டவை. அம்மரங்களின் முன்னோர், 1848ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவிற்கு வந்த நான்கு கன்றுகளே. பூங்காவில் நின்ற மரம் வீட்டு முற்றத்திற்கு வந்தது. முற்றத்திலிருந்து 1917ஆம் ஆண்டில் தென்னமரம் தோட்டத்திற்குப் போனது. பின்னாளில் அது நாட்டின் முதன்மைப் பயிராகவே வளர்ந்துவிட்டது.

இந்த வளர்ச்சியின் மறுபக்கத்தையும் நாம் அறிய வேண்டும். பொழுது விடியும் முன்னே தமிழ்த் தொழிலாளர்கள் பெரட்டுக்குக் கூடினர். பால் நன்கு வடிவது குளிர்ந்த வேளையில் என்பதால், இருள் பிரியும் முன்பே மரம் சீவத் தொடங்கினர். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலியும் குறைந்தது. அவர்கள் வாழ்ந்த லயத்து வீடுகள் அவர்களுக்குச் சொந்தமல்ல. ஆயினும், லயத்தின் பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வளர்த்தனர். பிறந்த ஊரின் வாசனையைச் சிறு நிலத்தில் காத்துக்கொண்டனர். தோட்டத் துரை பொருள் சேர்த்த பின் தம் ஊருக்குத் திரும்ப முடிந்தது. தொழிலாளர்களுள் பலருக்கு அவ்வாய்ப்பு கிட்டவில்லை. இந்த மண்ணே அவர்கள் ஊரானது.

1914ஆம் ஆண்டில் முதலாம் உலகப்போர் மூண்டது. ஹென்றி பிரான்சுக்குத் திரும்பிப் படையில் சேர்ந்து போர்முனையில் பணியாற்றினார். போர்க்காலத்திலேயே, 1917ஆம் ஆண்டில், மதலேன் மெஸ்லியே என்பவரை மணந்தார். போர் முடிந்ததும் மலாயாவுக்கு மீண்டும் வந்தார். பின்னர், 1925ஆம் ஆண்டில் குடும்பத்துடன் வட ஆப்பிரிக்காவின் துனிசியா நாட்டில், ராதேஸ் என்னும் ஊரில் குடியேறினார்.

இளமையில் ஒத்திவைத்த ஆசை அங்குதான் நிறைவேறியது. மலாயாவை விட்டு விலகிய பிறகே மலாயாவைப் பற்றி முழுமையாக எழுத அவரால் முடிந்தது. ‘மலேசி’ என்னும் அவரது நாவல் 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிரான்சின் உயரிய இலக்கிய விருதாகிய கொன்கூர் பரிசு அவ்வாண்டே அதற்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 51. அடுத்த ஆண்டே அந்நாவல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தோட்ட வாழ்க்கை, மலாய்க்காரர்களின் பண்பாடு, தமிழ்த் தொழிலாளர்கள், பந்துன் கவிதைகள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. ஒரு தோட்டத் துரையின் பார்வையில் எழுதப்பட்ட நூல் அது. லயத்திலிருந்து பார்த்தால் கதை வேறாக இருந்திருக்கும். எனினும், பிரெஞ்சு வாசகர் பலருக்கு மலாயாவை அறிமுகம் செய்த பெருமை அந்நூலுக்கு உண்டு. அவருடைய தங்கை ழெனிவியேவும் எழுத்தாளரே. ‘குளோத்’ என்னும் நாவலுக்காக 1933ஆம் ஆண்டில் ஃபெமினா பரிசு பெற்றார். முசே வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு இதழ் வீண்போகவில்லை.

பிற்காலத்தில் ஹென்றி முசேக்குத் திரும்பி, தாம் வளர்ந்த அதே வீட்டில் பருவங்கள் மாறுவதைக் கண்டு வாழ்ந்தார். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தமது 94ஆம் வயதில் பாரிசில் மறைந்தார்.

மரம் நடுபவர் பலன் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஹென்றி தம் மரங்களுக்காகக் காத்திருந்தார். தம் நாவலுக்காக அதைவிட நீண்ட காலம் காத்திருந்தார். பிறர் மொழியைக் கற்கும் பணிவும், ஒத்திவைத்த கனவை மறவாத உறுதியும் அவரிடம் நாம் கற்க வேண்டியவை. அதே வேளையில், அவர் தோட்டங்களை உருவாக்கிய கைகளையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் எந்த நூலும் எழுதவில்லை. அவர்கள் பேசிய தமிழ்ச்சொல் ஒன்று மட்டும், ஒரு செம்பனைத் தோட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது.