எடிசனும் என் லேப்டாப் பேட்டரியும்

எடிசன் என்றதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வருவது மின்விளக்கு. எனக்கும் போன வருஷம் வரை அப்படித்தான். என் லேப்டாப் பேட்டரி கெட்டுப்போன பிறகுதான், பேட்டரிக்காகப் பத்து வருஷம் பாடுபட்ட இன்னொரு எடிசனைத் தெரிந்துகொண்டேன்.

அது அப்பா கடன் வாங்கித் தந்த லேப்டாப். ஹாஸ்டல் மெத்தை மேலேயே வைத்து, ராத்திரி பகலாகச் சார்ஜரைக் கழற்றாமல் ஓட்டினேன். ஒருநாள் பார்த்தால் அடிப்பக்கம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது! பேட்டரியே மட்டம் என்று அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். எங்க சாரிடமும் அதையே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, லைப்ரரியில் எடிசனைப் படிக்கச் சொல்லி அனுப்பினார்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் மிலான் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றார். காது சரியாகக் கேட்காது. தந்தி ஆபீஸ் வேலையில் இருந்தபோது, அவர் சிந்திய பேட்டரி அமிலம் பலகைத் தரை வழியாகக் கீழ்த்தளத்தில் இருந்த மேலதிகாரியின் மேஜை மேல் வடிந்து வேலையே போயிற்று என்று அவரது வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள்!

போனோகிராஃபும் மின்விளக்கும் பெரும் புகழைத் தந்தன. ஆனாலும் மனிதர் சும்மா உட்காரவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மின்சாரக் காருக்குப் புது பேட்டரி செய்ய இறங்கினார். அன்றிருந்த ஈய-அமில பேட்டரி கனமானது. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து வீணாகிவிடும். எடிசன் அமிலத்தை விட்டுவிட்டுக் காரக் கரைசலை எடுத்தார். நிக்கலும் இரும்பும் மின்முனைகள் ஆயின. ஆயிரக்கணக்கான சோதனைகள்!

1903-ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் செல்கள் கசிந்தன, திறனும் குறைந்தது. அவர் வாங்கியவர்கள் மேல் பழி போடவில்லை. 1904-ல் தயாரிப்பை நிறுத்தி, விற்ற பேட்டரிகளையும் திரும்பப் பெற்றார். மறுபடி ஐந்து வருஷ உழைப்பு. 1909-ல் திருத்திய பேட்டரி வந்தது. அதிகமாகச் சார்ஜ் ஏற்றினாலும், முழுக்க இறக்கிவிட்டாலும் தாங்கியது. அதற்குள் பெட்ரோல் கார் முந்திக்கொண்டது. ஆனாலும் ரயில்வே சிக்னலிலும் சுரங்கத் தொழிலாளர் விளக்கிலும் அந்த பேட்டரி நெடுநாள் உழைத்தது.

அதுவும் கவனிப்பே வேண்டாத பேட்டரி அல்ல. 1916 ஜனவரியில் நியூயார்க் புரூக்ளின் கடற்படைத் தளத்தில், ஈ-2 நீர்மூழ்கிக் கப்பலில் எடிசன் பேட்டரியிலிருந்து வந்த ஹைட்ரஜன் தேங்கி வெடித்து உயிர்கள் போயின. எடிசன் 1931 அக்டோபர் 18-ல், 84-ம் வயதில் மறைந்தார்.

இனி நம்ம விஷயம். லேப்டாப்பில் இருக்கும் லித்தியம்-அயான் பேட்டரி, எடிசன் பேட்டரி போல எதையும் பொறுத்துக்கொள்ளாது. முழுச் சார்ஜிலேயே, அதுவும் சூட்டில், நாள்கணக்கில் வைத்தால் சீக்கிரம் மூப்படையும். அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவதும் கெடுதல். 20-லிருந்து 80 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது. எண்பதில் நிறுத்தும் வசதி செட்டிங்கில் இருந்தால் போட்டுவிடுங்கள். மெத்தையில் வைக்காதீர்கள், காற்றுத் துளை அடைபடும். லீவுக்குப் போகும்போது பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது.

படித்து முடித்த அன்று ராத்திரியே அப்பாவுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார். புது பேட்டரியை என் லீவு வேலைச் சம்பளத்தில்தான் வாங்கினேன். இப்போது மேஜை மேல்தான் சார்ஜ் போடுகிறேன் நண்பர்களே!

- மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை