சுவாமி சகஜானந்தர்

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போகும் நம் குடியிருப்புவாசிகள் பலர் நடராஜரைத் தரிசித்த கையோடு மதுரைக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அடுத்த முறை ஓமக்குளம் பக்கமும் போய் வாருங்கள். நந்தனார் தீயில் இறங்கியதாகச் சொல்லும் அந்த இடத்தில் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய பள்ளி இருக்கிறது.

அவர் 1890இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தார். கோலார் தங்கவயலில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளுக்குச் சீடரானார்.

1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் திறந்தார். நம் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர் சமூகத்தார் நுழைய முடிந்ததே 1939இல்தான்! பள்ளியைத் திறப்பதைவிட நடத்துவது பெரும்பாடு. பிள்ளைகளிடம் கட்டணம் கேட்க முடியாது. விடுதியில் சோறும் போட வேண்டும். ஊர் ஊராக நன்கொடை திரட்டினார். பல ஆண்டுகள் சட்டமன்றத்திலும் இருந்தார். நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால் அவருக்குப் பின் பள்ளி நிலைத்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1959இல் அவர் மறைந்தார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அரசுப் பள்ளிகளாக, நந்தனார் பெயரிலேயே அவை இன்றும் நடக்கின்றன.