கொலை நடந்த இடத்தில் இல்லாதவர்: சாவர்க்கரும் இரண்டு வழக்குகளும்

அந்தமானுக்கு டூர் போனால், விமான நிலையத்திலேயே வி.டி.சாவர்க்கரின் பெயரைப் பார்ப்பீர்கள். செல்லுலார் சிறையில் அவர் இருந்த அறையையும் காட்டுவார்கள். அவரை அங்கே அனுப்பியதில் ஒரு கொலை வழக்குக்குப் பங்கு உண்டு. பின்னாளில் இன்னொரு கொலை வழக்கில் அவர் விடுதலையானார். இரண்டிலுமே சம்பவ இடத்தில் அவர் இல்லை. அப்புறம் ஏன் இரண்டு விதமான தீர்ப்பு?

நாசிக், 1909

1883-இல் நாசிக் அருகே பகூரில் பிறந்த சாவர்க்கர், 1906-இல் சட்டம் படிக்க லண்டன் போனார். நம்ம ஊர் வ.வே.சு. ஐயர் அங்கே அவருடைய நெருங்கிய தோழர். 1909-இல் சாவர்க்கரின் அண்ணன் கணேஷுக்கு ஆயுள்கால நாடுகடத்தல் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று, நாசிக் கலெக்டர் ஜாக்சனை நாடக அரங்கில் வைத்து அனந்த் கன்ஹேரே சுட்டுக் கொன்றார்.

சுட்டவர் நாசிக்கில், சாவர்க்கர் லண்டனில். இருவரையும் எப்படி இணைத்தார்கள்? லண்டன் இந்தியா ஹவுஸின் சமையல்காரர் சதுர்புஜ் அமீன் அப்ரூவர் ஆனார். 20 பிரவுனிங் துப்பாக்கிகளைத் தன்னிடம் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பியது சாவர்க்கர்தான் என்றார். கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி அந்த 20-இல் ஒன்று. அதாவது, அப்ரூவரின் வாய்ச்சொல்லுக்குத் துணையாகக் கையில் ஒரு பொருள் இருந்தது.

1910-இல் லண்டனில் கைதானார். கப்பலில் கொண்டுவரும்போது பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் கடலில் குதித்துத் தப்பப் பார்த்து, மறுபடி சிக்கினார். பம்பாயில் 3 நீதிபதிகள் கொண்ட சிறப்புத் தீர்ப்பாயம் விசாரித்தது. ஜூரி இல்லை, அப்பீலும் இல்லை. சதி வழக்கில் ஒன்று, ஜாக்சன் கொலைக்கு உடந்தை என்பதில் ஒன்று என இரண்டு ஆயுள் தண்டனைகள். மொத்தம் 50 ஆண்டுகள்.

1911 ஜூலையில் அந்தமான் வந்தார். நார் உரித்தார், செக்கிழுத்தார். விடுதலை கேட்டுப் பல மனுக்களும் அனுப்பினார். 1921-இல் இந்திய நிலப்பகுதிச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1924-இல் நிபந்தனைகளோடு வெளியே வந்தார். 1937-இல் இந்து மகாசபையின் தலைவரானார்.

டெல்லி, 1948

ஜனவரி 30 அன்று காந்தியை நாதுராம் கோட்சே சுட்டுக் கொன்றார். செங்கோட்டையில் நடந்த விசாரணையில் சாவர்க்கரும் குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவர். இங்கேயும் ஒரு அப்ரூவர்: புனே ஆயுத வியாபாரி திகம்பர் பாட்கே. கோட்சேயும் ஆப்தேயும் பம்பாயில் சாவர்க்கர் வீட்டு மாடிக்குப் போனார்கள், அவர் வெற்றிபெற்று வரும்படி வாழ்த்தி அனுப்பினார் என்றார் பாட்கே. அவர் நின்றதோ கீழ்த்தளத்தில். மாடியில் என்ன பேசினார்கள் என்பதை அவர் கேட்கவில்லை.

இன்னொரு நாள் இருவரையும் அந்த வீட்டருகே இறக்கிவிட்டதாக ஒரு நடிகை சொன்னார். ஆனால், வாசலில் இறங்கினார்கள் என்பதாலேயே சாவர்க்கரைச் சந்தித்தார்கள் என்று ஆகிவிடாதே! பாட்கேயின் சாட்சியத்தை நீதிபதி ஆத்ம சரண் பொதுவாக நம்பினார். ஆனால் சாவர்க்கர் விஷயத்தில் அதற்குத் தனி ஆதாரம் இல்லை என்று 1949 பிப்ரவரி 10 அன்று அவரை விடுவித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

சேர்ந்து குற்றம் செய்தால் எல்லோருக்கும் சம பொறுப்பு என்பது பொது நோக்கம். அன்று ஐபிசி 34, இன்று பிஎன்எஸ் 3(5). இதற்கு அந்தச் செயலில் ஏதோ ஒரு பங்கு வேண்டும். கூட்டுச் சதிக்கு அங்கே இருக்கவேண்டிய அவசியமே இல்லை. சேர்ந்து திட்டமிட்டதை நிரூபித்தால் போதும். அப்ரூவர் சொல்வதற்கு, ஒவ்வொரு குற்றவாளியையும் தனித்தனியாகத் தொடும் வேறு ஆதாரத்தை நீதிமன்றங்கள் தேடும். சந்தர்ப்ப சாட்சியம் மட்டும் இருந்தால், கண்ணிகள் அறுபடாத சங்கிலியாக அது இருக்கவேண்டும் என்று 1984-இல் சாரதா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வலுவான சந்தேகம்கூட ஆதாரம் ஆகாது.

அதோடு முடிந்ததா?

சாவர்க்கர் 1966 பிப்ரவரி 26 அன்று இறந்தார். அதே ஆண்டு பொறுப்பேற்ற நீதிபதி கபூர், 1969-இல் காந்தி கொலை பற்றிய விசாரணை ஆணைய அறிக்கையைத் தந்தார். சாவர்க்கரின் மெய்க்காவலரும் செயலாளரும் போலீஸிடம் சொன்னவை அதில் இடம்பெற்றன. 1948 விசாரணையில் அவர்கள் சாட்சிக்கூண்டில் ஏற்றப்படவில்லை. சாவர்க்கரும் அவரது குழுவும் சதி செய்தார்கள் என்ற முடிவுக்கு ஆணையம் வந்தது.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் இந்தச் சண்டை வந்தால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஆணையம் நீதிமன்றம் இல்லை. குறுக்கு விசாரணை செய்யவோ தன் தரப்பைச் சொல்லவோ அப்போது சாவர்க்கர் உயிரோடும் இல்லை. அதேபோல, விடுதலைத் தீர்ப்பு என்பது அன்று நீதிமன்றத்தின் முன் வைத்த ஆதாரத்தை எடைபோட்ட முடிவு மட்டும்தான்.