அடிமை கண்ட அமைதி

மகிழ்ச்சியை விரும்பாத மனிதர் இவ்வுலகில் இல்லை. ஆயினும் நம்மில் பலர் அதனை வெளியிலேயே தேடி அலைகிறோம். நல்ல மதிப்பெண் கிடைத்தால் மகிழ்கிறோம். புத்தாடை கிடைத்தால் மகிழ்கிறோம். நாலு பேர் புகழ்ந்தால் மகிழ்கிறோம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அன்றைய நிம்மதி போய்விடுகிறது. இவற்றில் எதுவுமே கையில் இல்லாத ஒருவர் அமைதியோடு வாழ முடியுமா? முடியும் என்று வாழ்ந்து காட்டியவர் எபிக்டெட்டஸ் என்னும் ஞானி. அவர் அரசரல்லர், செல்வரல்லர்; ஓர் அடிமை.

கி.பி. 50-ஆம் ஆண்டையொட்டி, இன்றைய துருக்கி நாட்டிலுள்ள எராப்போலி என்னும் ஊரில் அவர் பிறந்தார். புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதிப் பகுதியில் இவ்வூரின் பெயரை நாம் காணலாம். எபிக்டெட்டஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் ‘பெறப்பட்டவன்’ என்று பொருள். ஒரு பாத்திரத்தைப் போல, ஒரு மாட்டைப் போல வாங்கப்பட்டவன் என்பதே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

உரோமை நகரில் எப்பப்ரோதித்தஸ் என்பவருக்கு அவர் அடிமையாயிருந்தார். இவர் நீரோ மன்னனின் செயலாளர். செல்வமும் செல்வாக்கும் மிக்கவர். எபிக்டெட்டஸோ கால் ஊனமுற்றவர். எசமானர் காலை முறுக்கியதால் அது ஒடிந்தது என்றும், அப்போதும் அவர் கலங்காதிருந்தார் என்றும் ஒரு பழங்கதை கூறுகிறது. இளமை முதலே அவருக்கு அக்குறை இருந்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், ஊன்றுகோலை நாடிய அந்த உடலுக்குள் நிமிர்ந்து நின்ற ஓர் உள்ளம் இருந்தது.

அடிமையாயிருக்கும்போதே முசோனியஸ் ரூபஸ் என்ற தத்துவ ஆசிரியரிடம் பாடம் கேட்கும் பேறு அவருக்குக் கிட்டியது. பெண்களும் ஆண்களைப் போலவே தத்துவம் பயில வேண்டும் என்று அக்காலத்திலேயே வாதாடியவர் இந்த முசோனியஸ் என்பது நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்கது.

பின்னர் எபிக்டெட்டஸ் விடுதலை பெற்றார். உரோமையில் தாமே ஆசிரியரானார். அவர் வீட்டுக்குப் பூட்டுத் தேவைப்படவில்லையாம். உள்ளே இருந்தவை படுக்கையும் பாயும்தான்! ஆனால் கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட தொமித்தியன் தத்துவ ஆசிரியர்களை எல்லாம் நகரைவிட்டுத் துரத்தினான். எபிக்டெட்டஸ் கிரேக்க நாட்டின் நிக்கோப்போலி நகருக்குச் சென்று, அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவருடைய பழைய எசமானரின் கதி என்ன தெரியுமா? அதே தொமித்தியனின் ஆணையால் கொலையுண்டார். அரண்மனையை நம்பியவருக்கு அரண்மனையே எமனாயிற்று.

நிக்கோப்போலியில் அவர் கற்பித்ததன் சாரம் மிக எளியது. உலகில் உள்ளவை இருவகை. ஒருவகை நம் கையில் இருப்பது. மற்றது நம் கையில் இல்லாதது. நம் எண்ணம், நம் விருப்பு வெறுப்பு, நம் முயற்சி ஆகியவை நம்முடையவை. உடல்நலம், செல்வம், பதவி, பிறர் தரும் புகழ் ஆகியவை நம் ஆட்சிக்கு உட்படாதவை. நம்முடையதல்லாததை நம்முடையது என்று பற்றிக்கொள்வதே துன்பத்தின் வேர் என்றார் அவர்.

நம் வாழ்வில் இதைப் பொருத்திப் பார்ப்போம். தேர்வுக்கு ஒழுங்காகப் படிப்பது நம் கையில். வினாத்தாள் எப்படி அமையும், அடுத்த வீட்டுப் பெண் நம்மைவிட எத்தனை மதிப்பெண் வாங்குவாள் என்பவை நம் கையில் இல்லை. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை எண்ணியல்லவா நாம் இரவெல்லாம் விழித்திருக்கிறோம்!

அப்படியானால் முயற்சியே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். பந்தாட்டத்தைக் கொண்டு அவர் இதற்கு விடை கூறுவார். பந்து விலைமதிப்பற்ற பொருளன்று. ஆயினும் நல்ல ஆட்டக்காரர் அதனைக் கவனத்தோடும் திறமையோடும் பிடித்து எறிகிறார். பதற்றத்தோடு ஆடுபவர் பந்தைத் தவற விடுகிறார். வாழ்க்கையும் அப்படித்தான்.

அவர் இல்லத்தில் இரும்பு விளக்கு ஒன்று இருந்தது. ஓர் இரவு திருடன் அதைத் தூக்கிச் சென்றான். மறுநாள் அதற்குப் பதிலாக மண் விளக்கு ஒன்று வாங்கினால் போயிற்று என்று அமைதியடைந்தார். அவர் இறந்தபின், அந்த மண் விளக்கை ஒருவர் 3000 திராக்மா கொடுத்து வாங்கினாராம். அவ்வொளியில் படித்தால் ஞானம் வந்துவிடும் என்ற நினைப்பு! விளக்கை வாங்கலாம், அதன் ஒளியில் வாழ்ந்தவரின் உள்ளத்தை விலைக்கு வாங்க முடியுமா?

இத்தகைய அமைதி மனத்தைக் கல்லாக்கிவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பே. நெடுங்காலம் தனித்தே வாழ்ந்த எபிக்டெட்டஸ், முதுமையில் ஒரு காரியம் செய்தார். நண்பர் ஒருவர் வறுமையால் தம் குழந்தையைக் கைவிட இருந்தார். அக்காலத்தில் கைவிடப்படும் குழந்தைகள் மாண்டுபோவர், அல்லது அடிமைகளாவர். எபிக்டெட்டஸ் அக்குழந்தையைத் தம் வீட்டுக்கு எடுத்துவந்தார். அதை வளர்க்க ஒரு பெண்மணியின் துணையையும் தேடிக்கொண்டார். பூட்டில்லா வீட்டில் வாழ்ந்தவர், கதவையும் திறந்துவிட்டார். தமக்கென்று கவலைப்படாதவருக்கே பிறருக்காகக் கவலைப்பட நேரமிருக்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

அவர் நூல் எதுவும் எழுதவில்லை. அரியன் என்ற மாணவர் எடுத்த குறிப்புகளே நமக்குக் கிடைத்துள்ளன. உரோமைப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் அவற்றை ஆர்வத்தோடு படித்தார். பேரரசருக்கு ஓர் அடிமை ஆசானானார்! பிற்காலத்தில் கிறிஸ்தவத் துறவிகளும் அவரது கையேட்டைத் தங்கள் மடங்களுக்கு ஏற்பத் திருத்திப் பயன்படுத்தினர்.

அவருடைய உரைகளை முதன்முதலில் முழுமையாக ஆங்கிலத்தில் தந்தவர் ஒரு பெண் என்பதை நம் மாணவியர் மறக்கலாகாது. எலிசபெத் கார்ட்டர் என்னும் அம்மையார், ஓயாத தலைவலிக்கிடையே, தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே அப்பணியை முடித்து, 1758-இல் வெளியிட்டார்.

கி.பி. 135-ஐ ஒட்டி எபிக்டெட்டஸ் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்து ஒரு கேள்விதான். மனம் கலங்கும்போதெல்லாம் அதை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இது என் கையில் உள்ளதா, இல்லையா? உள்ளதென்றால் எழுந்து செய்வோம். இல்லையென்றால் நிம்மதியாக உறங்குவோம்.